'நாம்' என்றால் யார்? தேசத்தின் ஆவணங்களை நாம் படிக்கும் விதம்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்த தோழர்களுக்கு நன்றி. மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் பேச்சு முழுவதிலும் 'நாங்கள்' என்றுதான் சொல்லப்போகிறோம். ஏனென்றால் இங்கே சொல்ல இருப்பவை ஒருவர் தனியே உட்கார்ந்து கண்டுபிடித்தவை அல்ல. காலனி சமுதாயக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சில ஆண்டுகளாகக் கூடிப் படித்துவரும் ஒரு வாசிப்பு வட்டம் பேசித் தீர்த்தவையும், இன்னும் தீராதவையும்தான் இவை.

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியரை நம் பகுதியில் எல்லோரும் 'மனு வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, குடிநீர்க் குழாய் கேட்டு, காவல் நிலையத்தில் வாங்க மறுத்த புகாரை மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லி மக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். யாராவது மனுவில் 'கருணை கூர்ந்து' என்று எழுதி எடுத்து வந்தால் பேனாவால் அதை அடித்துவிடுவார். அந்த இடத்தில் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு எண்ணை எழுதுவார். 14, 17, 23, 46 என்று.

அவர் மறைந்த பிறகு, கார்பன் தாள் வைத்து அவர் எடுத்த நகல்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய எங்களுக்குக் கிடைத்தன. அவற்றைப் பிரித்து அடுக்கும்போது எழுந்த கேள்வி இதுதான்: இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? யார் கேட்டு வந்தன? யார் மறுத்தார்கள்? இந்தக் கேள்விதான் எங்களை அரசியல் நிர்ணய சபையின் விவாத ஏடுகளுக்குக் கொண்டுபோனது.

பாடப்புத்தகம் சொல்லாத பக்கங்கள்

பள்ளியில் நாம் படித்த சுதந்திர வரலாறு எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நேரு பேசுகிறார். அடுத்து 1950 ஜனவரி 26. கொடி ஏற்றம், மிட்டாய். இரண்டுக்கும் நடுவில் 'சட்ட மேதை டாக்டர் அம்பேத்கர் அரசமைப்புச் சட்டத்தை எழுதினார்' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது என்ன? 1946 டிசம்பர் 9 அன்று கூடிய சபை, 1949 நவம்பர் 26 அன்று சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 165 நாட்கள் அமர்ந்து பேசினார்கள். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் முறைப்படி முன்மொழியப்பட்டவை 2,473. பேசிய பேச்சு, குறுக்கிட்ட குரல், எழுந்த கோஷம் எல்லாம் 12 தொகுதிகளாகப் பதிவாகியிருக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். எனவே ஒருவர் ஆங்கிலத்தில் வாசிப்பார், இன்னொருவர் தமிழில் சொல்வார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரு மாலைக்கு நான்கு பக்கம் நகர்ந்தால் அதிகம். ஆனால் அப்படிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. இறுதியில் அச்சான சட்டத்தை மட்டும் படித்தால் தேசம் என்ன முடிவு செய்தது என்று தெரியும். விவாதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் தேசத்திடம் யார் என்ன கேட்டார்கள், அதில் எது மறுக்கப்பட்டது என்று தெரியும். நம்முடைய வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பக்கத்தில் கிடக்கிறது.

அந்த அறைக்குள் யார் இருந்தார்கள்

ஆவணத்தைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அறைக்குள் யார் இருந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பது. அரசியல் நிர்ணய சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாண சட்டசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டசபைகளுக்கு வாக்களித்தவர்களோ சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையில் வாக்குரிமை பெற்ற சிறு பகுதியினர். கூலி வேலை செய்த நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோருக்கு அந்த உரிமை இல்லை. நம் தலைமுறைகளின் வாழ்வைத் தீர்மானித்த சபையை அனுப்பியதில் அவர்களுக்குப் பங்கில்லை.

புரட்சியாளர் அம்பேத்கரே அந்த அறைக்குள் எளிதாக வந்துவிடவில்லை. ஜோகேந்திரநாத் மண்டல் துணை நின்றதால் வங்காளத்திலிருந்து தேர்வானார். பிரிவினையில் அந்த இடம் போனது. 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அவர் அதன் தலைவரானார். இந்தத் தேதி பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அதற்கு முந்தைய நாள் இல்லை. ஆகஸ்ட் 28 அன்று, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தலித் உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித்தொகுதியில் நிற்கும் பட்டியல் சாதி வேட்பாளர், அத்தொகுதியில் பதிவாகும் பட்டியல் சாதி வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடு பெற்றால்தான் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் தனி வாக்காளர் தொகுதி கேட்கவில்லை. கூட்டுத்தொகுதிக்கு உள்ளேயே, சொந்த மக்களின் ஓரளவு நம்பிக்கையாவது பெற்றவர் பிரதிநிதியாகட்டும் என்றுதான் கேட்டார். அதுவும் நடக்கவில்லை. திருத்தத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நாகப்பா காங்கிரஸ்காரர். எந்தக் கேள்வியை எழுப்பினால் கட்சிக்குள் சங்கடம் வருமோ அதைத் துணிந்து எழுப்பினார். இன்று தனித்தொகுதியில் வென்றவர்கள் ஏன் நமக்காகப் பேசுவதில்லை என்று நாம் தேநீர்க்கடையில் பேசிக்கொள்கிறோமே, அந்தக் கேள்வி அன்றே சபையில் வைக்கப்பட்டது. பதில் இல்லாமல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் பின்னே 1932 செப்டம்பர் 24 இருக்கிறது. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது கையெழுத்தான பூனா ஒப்பந்தம், 148 இடங்களைத் தந்தது, சென்னை மாகாணத்துக்கு 30. பதிலுக்கு, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்குரிமையை எடுத்துக்கொண்டது. நாகப்பா கேட்ட 35 விழுக்காடு, பறிபோனதில் ஒரு துண்டையாவது மீட்கும் முயற்சி.

தேசத்துக்கு முன்பே நாம் எழுதியவை

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நிறுவன ஆவணங்கள்' என்றால் 1946-இல் தொடங்குபவை என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஆனால் சேரிகள் அதற்கு வெகுகாலம் முன்பே எழுதத் தொடங்கிவிட்டன.

1891-இல் பண்டிதர் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லி மீட்கப் போராடுவது அதைத்தான். 1922-இல் எம்.சி. ராஜா, நம்மை இழிவாகச் சுட்டிய அரசாங்கச் சொற்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுதக் கோரும் தீர்மானத்தைச் சென்னை சட்டசபையில் கொண்டுவந்தார். 1924-இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அதே சபையில் பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாம் அனைவருக்கும் பொது என்ற தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார். அவரும் அம்பேத்கரும் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் கோரிக்கைகளை வைத்தார்கள்.

1947-இல் அம்பேத்கர் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற விண்ணப்பத்தை எழுதினார். அதை ஒரு மாற்று அரசமைப்புச் சட்டம் என்றே சொல்லலாம். விவசாய நிலம் அரசுடைமை, கிராமத்தார் சாதி பேதமின்றிக் கூட்டுப் பண்ணையாகப் பயிரிடுவது, நிலப்பிரபுவும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இல்லாத நிலை, காப்பீடு அரசுடைமை, பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள். 1950-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் இதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சமத்துவம் பற்றிய வாசகங்கள் பலவற்றுக்கு வழி கிடைத்தது. நிலத்துக்குக் கிடைக்கவில்லை. நம் மனு வாத்தியாரின் பெட்டியில் பாதிக்கு மேல் பட்டா கேட்கும் மனுக்களாக இருப்பதற்கான காரணம் இந்த இரண்டு ஆவணங்களின் இடைவெளியில் இருக்கிறது.

1948 நவம்பர் 29

எங்கள் வட்டம் அதிக நாட்கள் செலவிட்டது இந்த ஒரு நாளின் ஏட்டில்தான். அன்றுதான் வரைவின் 11-ஆவது பிரிவு, இன்றைய 17-ஆவது பிரிவு, விவாதத்துக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது என்னும் பிரிவு.

நசிருத்தீன் அகமது என்ற உறுப்பினர் வாசகத்தை மாற்றச் சொன்னார். மதம் அல்லது சாதி காரணமாக எவரும் தீண்டத்தகாதவராக நடத்தப்படக் கூடாது என்று தெளிவாக எழுதலாம் என்றார். கே.டி. ஷா, தீண்டாமை என்றால் என்னவென்று சட்டம் சொல்லவில்லையே, நாளை ஆளுக்கொரு பொருள் சொல்வார்களே என்று கேட்டார். சென்னை மாகாணத்தின் வி.ஐ. முனுசாமி பிள்ளை பேசும்போது, சாதி இந்துக்களையும் நிலவுடைமையாளர்களையும் சேர்த்தே சுட்டினார். தீண்டாமைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு அந்தப் பேச்சில் இருக்கிறது. நசிருத்தீனின் திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. ஷாவின் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. பிரிவு நிறைவேறியது. சபையில் 'மகாத்மா காந்திக்கு ஜே' என்ற முழக்கம் எழுந்தது.

இந்த முழக்கத்தைப் படித்ததும் எங்கள் வட்டத்தின் இளைஞர்கள் கொதித்தார்கள். வரைவுக் குழுவின் தலைவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், முழக்கம் வேறொருவருக்கு. கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் ஷாவின் கேள்வியைத் தவறவிட்டுவிடுவோம். அது இன்னும் முக்கியமானது.

சட்டத்தில் 'தீண்டாமை' என்ற சொல் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. விளக்கம் இல்லை. 1958-இல் மைசூர் உயர் நீதிமன்றம் அந்த மேற்கோள் குறியைக் கவனித்தது. அகராதிப் பொருள் அல்ல, இந்த நாட்டில் வரலாற்று வழியாக வளர்ந்துவந்த நடைமுறைதான் இங்கே பொருள் என்று சொன்னது. அதாவது, சட்டமே நம்மை வரலாற்றிடம் அனுப்புகிறது. ஆனால் வரலாறு தெரியாதவர் கையில், அல்லது தெரிந்தும் மறைப்பவர் கையில் அந்தச் சொல் சிக்கினால் என்ன ஆகும்? காவல் நிலையத்தில் நாம் கேட்டுப் பழகிய வாக்கியங்கள்தான் பதில். 'இது சாதிப் பிரச்சினை இல்லப்பா, முன்விரோதம்.' 'வாய்க்கால் தகராறு.' 'குடிபோதையில் நடந்தது.' ஷா பயந்தபடியே, தீண்டாமைக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் நிலையத்தில் பணியில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. உண்ணத்தகாததை வாயில் திணிப்பது, வீட்டு வாசலில் கழிவைக் கொட்டுவது, ஆடையைக் களைந்து ஊர்வலம் விடுவது, நிலத்தை அபகரிப்பது என்று அந்தச் சட்டம் ஒவ்வொன்றாக எழுதியது. 1948-இல் கேட்ட கேள்விக்கு 41 ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நம் மக்கள் பட்ட பாடு இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, 1924-இன் தீர்மானம், 1927-இல் மகாத் சவுதார் குளம், 1948-இன் பிரிவு எல்லாமே எங்கள் வட்டத்தில் ஒரே மாலையில் பேசப்பட்டன. நடுவில் 98 ஆண்டுகள். தண்ணீர் அதேதான்.

கிராமம் என்ற சொல்

1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் புகழ மறுத்தார். அறியாமையும் குறுகிய மனமும் சாதிவெறியும் தேங்கிய இடம் அது என்னும் பொருளில் பேசினார். வரைவு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். அடுத்தடுத்த நாட்களில் உறுப்பினர் பலர் எழுந்து கிராமத்துக்கு வக்காலத்து வாங்கினார்கள். நவம்பர் 22 அன்று சென்னையின் கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்லும் புதிய பிரிவை முன்மொழிந்தார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40-ஆவது பிரிவு.

விவாதத்தில் கிராமத்தைப் பற்றி இரண்டு சித்திரங்கள் இருந்தன. ஒன்று ஊரிலிருந்து பார்த்தது, இன்னொன்று சேரியிலிருந்து பார்த்தது. எது உண்மை என்று பிறகு வந்த ஆண்டுகள் சோதித்துச் சொல்லின. 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் நமக்கு இட ஒதுக்கீடு கிடைத்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் மேலவளவு ஊராட்சி ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்க விடவில்லை.

அதே மேலூர் வட்டாரத்தின் தும்பைப்பட்டியில் பிறந்த பி. கக்கன் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். சட்டம் உருவான அறைக்கும் மேலவளவுக்கும் இவ்வளவு குறைந்த தூரம்தான். ஒரு பிரிவைப் படிக்கும்போது அது எழுதப்பட்ட நாளிலிருந்து தொடங்கி நம் வட்டம், நம் ஊராட்சி வரைக்கும் நடந்து வர வேண்டும். அப்போதுதான் படித்ததாக ஆகும்.

நாங்கள் செய்த தவறு

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சொற்பொழிவு நேர்மையாக இருக்காது. முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் விவாத ஏடுகளில் அம்பேத்கரின் பேச்சுகளை மட்டும் தேடிப் படித்தோம். மற்ற தலித் உறுப்பினர்களை 'காங்கிரஸ் ஹரிஜன்கள்' என்று ஒதுக்கித் தள்ளினோம். கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, 'அங்க நம்ம பொம்பளைங்க யாரும் இல்லையா?' என்று கேட்ட பிறகுதான் தேடினோம்.

இருந்தார். சபையில் இருந்த 15 பெண்களில் ஒரே ஒரு தலித் பெண். தாட்சாயணி வேலாயுதன். கொச்சிக்கு அருகே முளவுகாடு தீவில், புலையர் சமூகத்தில் 1912-இல் பிறந்தவர். சென்னை மாகாணத்திலிருந்து தேர்வாகிச் சென்றவர். அப்போது அவருக்கு வயது 34. 1946 டிசம்பரில் குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேசியவர்களில் அவரும் ஒருவர். அரசியல் நிர்ணய சபை சட்டம் எழுதுவதோடு நிற்கக் கூடாது, மக்களுக்கு ஒரு புதிய வாழ்க்கைமுறையையும் காட்ட வேண்டும் என்னும் பொருளில் பேசினார். தனி வாக்காளர் தொகுதியை அவர் ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் அம்பேத்கரோடு வேறுபட்டார். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமைப் பிரிவை வரவேற்றுப் பேசியபோதும், இந்தச் சட்டம் வாழ்வதும் சாவதும் மக்கள் எதிர்காலத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று எச்சரித்தார்.

தனி வாக்குரிமை பற்றி எங்கள் நிலைப்பாடு அம்பேத்கருடையதுதான். அதற்காகத் தாட்சாயணியைப் படிக்காமல் விட்டது சரியாகிவிடாது. நம் மக்கள் அந்த அறையில் ஒரே குரலில் பேசவில்லை. ஒருவருக்கொருவர் மறுத்துப் பேசினார்கள். ஆதிக்கச் சாதியினரின் தலைவர்கள் தங்களுக்குள் முரண்பட்டால் அதை 'விவாத மரபு' என்று புத்தகம் போடுகிறார்கள். நம்மவர்கள் முரண்பட்டால் நாமே ஒரு தரப்பை அழித்துவிடுகிறோம். மாணவர்கள் இந்தப் பழக்கத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வழிபடவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரை உங்களில் பலருக்குத் தெரியும். ஜனவரி 26 அன்று நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் இருக்காது என்றார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்த மக்கள் எப்படித் தேசமாக முடியும் என்று கேட்டார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்றார்.

அதே மனிதர் 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில், இந்தச் சட்டம் எனக்கு வேண்டாம், இதை எரிக்கும் முதல் ஆளாக நானே இருப்பேன் என்னும் பொருளில் பேசினார். இந்த இரண்டாவது பேச்சை நம் மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. கையில் சட்டப் புத்தகத்தோடு நிற்கும் சிலைக்கு மாலை போட்டுப் பழகியவர்களுக்கு அது சங்கடம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆவணத்தோடு அவருக்கு இருந்த உறவு புரியும். அவர் அதைக் கட்டினார், அதன் குறையை அறிந்திருந்தார், அது மக்களுக்குப் பயன்படாமல் போனால் அதைக் காத்து நிற்கும் கடமை தனக்கு இல்லை என்றார். அரசியலில் பக்தி கூடாது என்றவரின் சட்டத்தையே பக்திப் பொருளாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆவணங்கள் 1950 ஜனவரி 26-ஓடு முடிந்துவிடவும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியானது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. சீக்கியர்கள் 1956-இலும் பௌத்தர்கள் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள். அதாவது, அம்பேத்கரோடு நாக்பூரில் பௌத்தம் ஏற்றவர்கள் 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள். கிறித்தவத் தலித்துகள் இன்றும் காத்திருக்கிறார்கள். சபையில் விவாதிக்கப்படாத ஒரு பத்தி எத்தனை குடும்பங்களின் கதையை எழுதியிருக்கிறது பாருங்கள். 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், அதைத் தொடர்ந்து முதல் திருத்தத்தில் 15-ஆவது பிரிவில் 4-ஆவது உட்பிரிவு சேர்ந்ததும் அப்படித்தான். நிறுவும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

'நாம்'

கடைசியாக ஒரு மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். அன்று முகவுரையை வாசித்துக்கொண்டிருந்தோம். 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது அது. பேத்தியை அழைத்துப் போக வந்த பாட்டி ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நிறுத்தச் சொல்லி, 'நாமன்னு போட்டிருக்கே, அது ஊரையும் சேத்தா, நம்ம தெருவ மட்டுமா?' என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒன்றுதான். எதிரில் நிற்பவரைச் சேர்த்துச் சொல்கிறதா, விட்டுவிட்டுச் சொல்கிறதா என்று அதில் தெரியாது. தமிழில் மறைக்க முடியாது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. தமிழில் அந்த வரி 'நாம்' என்று வந்திருக்கிறது. பாட்டி கேட்டது, அந்தச் சொல்லை ஊர் ஒப்புக்கொண்டதா என்று.

1946-இல் அந்த அறையில் இருந்தவர்களை அனுப்பியவர்களில் இந்தப் பாட்டியின் தாய் தகப்பன் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது பிறருடைய 'நாங்கள்'. நாகப்பாவின் திருத்தம், தாட்சாயணியின் எச்சரிக்கை, முனுசாமி பிள்ளையின் பேச்சு, அம்பேத்கரின் கேள்வி எல்லாமே அந்த 'நாங்கள்' என்பதை 'நாம்' ஆக்குவதற்கான முயற்சிகள். மேலவளவு முருகேசன் தலைவர் நாற்காலியில் உட்காரப் போனதும் அதற்குத்தான். நம் வாத்தியார் 'கருணை கூர்ந்து' என்பதை அடித்ததும் அதற்குத்தான். இந்த தேசத்தின் வரலாற்றை ஒரே வரியில் கேட்டால், அந்தச் சொல்லுக்காக நடந்த, நடக்கிற சண்டை என்று சொல்வோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஆளுக்கு ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரைவைத் தேடுங்கள். அது விவாதிக்கப்பட்ட நாளின் ஏட்டை முழுவதும் படியுங்கள். தோற்ற திருத்தங்களைத் தனியே எழுதிவையுங்கள். பிறகு உங்கள் ஊராட்சியில், உங்கள் தெருவில் அந்தப் பிரிவுக்கு என்ன ஆனது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களுடைய சொல் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

வாத்தியாரின் தகரப் பெட்டி எங்கள் சமுதாயக்கூடத்தில் இருக்கிறது. பூட்டு இல்லை. யார் வந்தாலும் திறந்து படிக்கலாம். அடுத்த ஞாயிறு 23-ஆவது பிரிவு, கட்டாய உழைப்புக்குத் தடை. பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் வாருங்கள்.